பஞ்சப்படி இல்லாத ஓய்வு: 45 வயதில் வேலையை விட்டுத் திருச்சிக்குத் திரும்பலாமா?

ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் திருச்சி ஜங்ஷனுக்கு வந்து பாருங்கள். சென்னை எழும்பூர் போகும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் முதுகில் லேப்டாப் பை மாட்டியவர்கள்தான் அதிகம். கையில் அம்மா கட்டிக்கொடுத்த புளிக்காய்ச்சல் டப்பா இருக்கும். விடிகாலையில் எழும்பூரில் இறங்கி, மின்சார ரயில் பிடித்து, அவசரமாகக் குளித்து, ஒன்பதரை மணி மீட்டிங்கில் உட்கார வேண்டும். அந்த நடைமேடையில் நாற்பதைத் தாண்டிய இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வரும். ''இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டிட்டா போதும்ப்பா. லோன் முடிஞ்சிடும். அப்புறம் பேசாம இங்கயே வந்துடலாம்.''

சின்ன ஊர் இல்லை, பெரிய நகரமும் இல்லை. வாடகை குறைவு, தண்ணீர் லாரிக்குக் காத்திருக்க வேண்டாம், பள்ளிக்கூடம் பத்து நிமிட தூரம். இப்படியொரு ஊரில் 45 வயதிலேயே வேலையை முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம் என்ற ஆசை நியாயமானதுதான். ஆசைக்குப் பின்னால் இருக்கும் கணக்கைப் பெரும்பாலோர் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். 'இந்த ஊரில் மாதம் எவ்வளவு ஆகும்?' என்று கேட்கிறவர்கள், 'அந்தத் தொகை நாற்பது வருடத்தில் என்னவாகும்?' என்று கேட்பதில்லை. இரண்டாவது கேள்வியையும் சேர்த்தே கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

பென்ஷன்காரர்களின் ஊர்

ஓய்வுபெற்றவர்கள் திருச்சிக்குப் புதியவர்கள் இல்லை. 1920-களில் நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பணிமனை பொன்மலைக்கு வந்தது. 1960-களில் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனமான 'பெல்' வந்தது. துப்பாக்கித் தொழிற்சாலையும் அப்போது வந்ததுதான். வேலைக்காக எங்கெங்கிருந்தோ வந்தவர்கள், ஓய்வுபெற்ற பிறகும் இங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டார்கள். கே.கே.நகரிலும் காட்டூரிலும் காலை நடை போகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பாதிப் பேர் எந்த ஷாப்பில் எத்தனை வருடம் வேலை பார்த்தோம் என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

அவர்கள் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணங்கள் இன்றும் செல்லுபடியாகின்றன. சென்னை, தஞ்சாவூர், காரைக்குடி, மதுரை, கரூர் என ஐந்து திசைக்கும் ரயில் பாதை பிரிகிற ஜங்ஷன். காவிரித் தண்ணீர். மகனோ மகளோ சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருந்தால் நேராகவே விமானம் ஏறலாம். அதற்கான புதிய முனையம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் 2025-ல் வந்துவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநகராட்சி எல்லைக்குள் 8.47 லட்சம் பேர். மலைக்கோட்டை உச்சியில் நின்று ஒரு சுற்றுத் திரும்பினால் ஊர் கண்ணுக்குள் அடங்கிவிடும்.

ஆனால், அந்தப் பழைய ஓய்வாளருக்கும் இன்று 45 வயதில் ராஜினாமா கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டிருப்பவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ரயில்வேயில் ஓய்வுபெற்றவருக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வரும். அதைவிட முக்கியம், விலைவாசி ஏறினால் ஜனவரிக்கும் ஜூலைக்கும் பஞ்சப்படி கூடும். உடம்புக்கு முடியாவிட்டால் பொன்மலை ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது. தனியார் கம்பெனியிலிருந்து 45 வயதில் வெளியேறுகிறவருக்கு இந்த மூன்றுமே கிடையாது. பென்ஷனை அவரே உருவாக்க வேண்டும், பஞ்சப்படியை அவரே போட்டுக்கொள்ள வேண்டும், ஆஸ்பத்திரி அட்டையையும் அவரே வாங்க வேண்டும். ஊர் மலிவாக இருப்பது இந்த மூன்றில் முதலாவதற்கு மட்டும்தான் பெரிதாக உதவுகிறது.

ஊர் மாறினால் மிச்சம் எவ்வளவு?

கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு 45, மனைவிக்கு 43, ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள். வாடகை வீடு. திருச்சியில் சிக்கனமாக, ஆனால் கஞ்சத்தனம் இல்லாமல் வாழ்ந்தால் அவர்களின் மாதச் செலவு உத்தேசமாக இப்படி இருக்கலாம்.

வாடகை 14,000. மளிகை, பால், காய்கறி, சிலிண்டர் 16,000. மின்சாரம், இணையம், போன் 4,000. பள்ளிக் கட்டணம் 7,000. பெட்ரோல், வண்டிப் பராமரிப்பு 4,000. மருந்து, டாக்டர் 3,000. துணிமணி, பண்டிகை, மொய் 5,000. பெற்றோருக்கு 5,000. ஹோட்டல், சினிமா 5,000. கூட்டினால் 63,000. இதோடு வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகள் இருக்கின்றன: மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம், வண்டி இன்ஷூரன்ஸ், கெட்டுப்போகும் ஃப்ரிட்ஜ், ஒரு சுற்றுலா, ஒரு நெருங்கிய கல்யாணம். அவற்றுக்கு 1,44,000 ஒதுக்கினால் மாதம் 12,000. ஆக மாதம் 75,000, வருடம் 9 லட்சம்.

இதே குடும்பம் சென்னையில் இருந்தால் எது கூடும்? வாடகை 14,000 கூடும் என்று வைப்போம். பள்ளிக்கு 5,000, போக்குவரத்துக்கு 3,000, வெளியில் சாப்பிடுவதற்கும் பொழுதுபோக்குக்கும் 3,000. மொத்தம் 25,000. கவனித்துப் பாருங்கள், இதில் பாதிக்கு மேல் வாடகை மட்டுமே. மளிகை, பால், போன், இன்ஷூரன்ஸ், மகளுக்கு வாங்கும் லேப்டாப், தங்கம் இவற்றுக்கெல்லாம் ஊருக்கொரு விலை இல்லை. சிலிண்டரும் பெட்ரோலும் சென்னையைவிட இங்கே மலிவு என்று சொல்ல முடியாது. 'திருச்சியில் எல்லாமே சீப்' என்பது வாடகையையும் தூரத்தையும் வைத்து நாம் சொல்லிக்கொள்வது.

இந்த 25,000-ஐச் சிறிதாகவும் நினைக்கக் கூடாது. வருடத்துக்கு 3 லட்சம். ஓய்வுக்காலம் முழுவதற்குமான சேமிப்பில் இது கிட்டத்தட்ட ஒரு கோடி ரூபாயைக் குறைக்கிறது. எப்படி என்று அடுத்து பார்ப்போம்.

25 மடங்கு போதாது

சீக்கிர ஓய்வு பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு சூத்திரம் மனப்பாடம்: 'வருடச் செலவைப்போல 25 மடங்கு சேர்த்துவிட்டால் போதும்.' இது வந்த வழி தெரிந்தால், அதை அப்படியே எடுத்துக்கொள்ளத் தயங்குவோம். 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர், அந்நாட்டின் பழைய பங்குச்சந்தை, கடன் பத்திரப் புள்ளிவிவரங்களை வைத்து ஒரு முடிவுக்கு வந்தார். முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு ஒவ்வொரு வருடமும் விலைவாசிக்கேற்ப அதைக் கூட்டிக்கொண்டே போனாலும் குறைந்தது 30 வருடம் பணம் தாக்குப்பிடிக்கும் என்றார். 1998-ல் டெக்சாஸ் மாநிலத்தின் டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூவர் இதே திசையில் ஆய்வு செய்தார்கள். 4 சதவீதத்தைத் திருப்பிப் போட்டால் 25 மடங்கு.

இதில் இரண்டு விஷயங்கள் நமக்குப் பொருந்தாது. ஒன்று, அது அமெரிக்க விலைவாசி. மற்றது, அது 60, 65 வயதில் ஓய்வுபெறுபவருக்கான 30 வருடக் கணக்கு. 45 வயதில் வேலையை விடும் கணவரும் அவரைவிட இளைய மனைவியும் 40, 45 வருடத்துக்குத் தயாராக இருக்க வேண்டும்.

விலைவாசி என்ன செய்யும் என்று பார்க்கக் கால்குலேட்டர்கூட வேண்டாம். 72-ஐப் பணவீக்கச் சதவீதத்தால் வகுத்தால், எத்தனை வருடத்தில் செலவு இரட்டிப்பாகும் என்று தெரிந்துவிடும். குடும்பச் செலவு வருடம் 6 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால் 12 வருடம். இன்றைய 75,000 ரூபாய் அவருடைய 57 வயதில் ஒன்றரை லட்சம். 69 வயதில் 3 லட்சம். 81 வயதில் 6 லட்சம். அப்போதும் அதே சாம்பார்தான் சாப்பிடுவார், அதே தெருவில்தான் நடப்பார்.

அதனால் 25 மடங்கை விட்டுவிட்டு, 33 மடங்கை இலக்காக வைப்பது நமக்குப் பாதுகாப்பு. அதாவது, முதல் வருடம் சேமிப்பில் 3 சதவீதத்துக்கு மேல் எடுக்காமல் இருப்பது. 9 லட்சத்துக்கு 33 மடங்கு என்றால் ஏறக்குறைய 3 கோடி. சென்னையிலேயே இருந்தால் 12 லட்சத்துக்கு 4 கோடி. ஊர் மாறியதில் மிச்சமாகும் ஒரு கோடி இதுதான். ஐந்தாறு வருடம் முன்னதாகவே வேலையை விட முடிவது இந்த ஒரு கோடியால்தான்.

இந்த 3 கோடிக்குள் மகளின் கல்லூரிப் படிப்பும் கல்யாணமும் அடங்காது. நம் ஊர்களில் நடக்கும் பெரிய தவறு இங்கேதான். 'எல்லாம் சேர்த்து மூணு கோடி இருக்கு' என்று நிம்மதியாக வெளியேறியவர், ஆறு வருடம் கழித்துப் படிப்புக்கென்று 40 லட்சத்தை உருவினால், மிச்சமிருக்கும் பணம் 33 மடங்கு என்ற இடத்தில் இருக்காது. படிப்புப் பணத்தைத் தனி வைப்பில், தனிப் பெயரில், முதல் நாளே பிரித்துவிட வேண்டும்.

பானை, குதிர், வயல்

3 கோடியைக் கையில் வைத்திருப்பவரின் முதல் எண்ணம் வங்கியில் போட்டு வட்டி வாங்கிச் சாப்பிடலாம் என்பதாக இருக்கும். 2014 வாக்கில் ஒரு வருட வைப்புக்கு 9 சதவீதம்வரை கொடுத்த வங்கிகள், ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதமாக்கிய 2020-க்குப் பிறகு ஐந்து, ஐந்தரைக்கு இறங்கின. விலைவாசி ஏறியபோது வட்டி வருமானம் இறங்கியது. அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் கணவனும் மனைவியும் கூட்டுக் கணக்கில் அதிகபட்சம் 15 லட்சம் போடலாம். தற்போதைய 7.4 சதவீதத்தில் மாதம் 9,250 ரூபாய் வரும். அறுபதாவது மாதமும் அதே 9,250-தான். வட்டிக்கு என்றுமே பஞ்சப்படி கிடையாது.

பஞ்சப்படி வர வேண்டும் என்றால் பணத்தில் ஒரு பகுதி வளர்கிற இடத்தில் இருந்தாக வேண்டும். அந்த இடம் பெரும்பாலும் பங்குச்சந்தைதான். சந்தை எல்லா வருடமும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளாது. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் அதே வருட அக்டோபரில் 8,500 அளவுக்கு வந்தது. 2020 ஜனவரியில் 42,000-ஐத் தாண்டியது மார்ச்சில் 26,000-க்குக் கீழே போனது. இரண்டு முறையும் மீண்டு எழுந்தது. ஆனால், 2007 டிசம்பரில் வேலையை விட்டு, மாதாமாதம் பங்குகளை விற்றுச் செலவு செய்தவருக்கு அந்த மீட்சியால் என்ன பயன்? விழுந்த விலையில் விற்றது விற்றதுதானே? ஓய்வின் முதல் நான்கைந்து வருடங்களில் சந்தை சரிவதுதான் சீக்கிர ஓய்வாளரின் மிகப்பெரிய அபாயம்.

இதற்கான வழி டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்றைக்குப் பொங்குவதற்குப் பானையில் அரிசி, அடுத்த அறுவடைவரைக்கும் குதிரில் நெல், அதற்கப்புறத்துக்கு வயல். எந்த விவசாயியும் சோற்றுக்காக வயலை விற்க மாட்டார், குதிரிலிருந்து எடுப்பார்.

பானை: மூன்று வருடச் செலவு, 27 லட்சம். இது வங்கி வைப்பில் இருக்கட்டும். எந்த வங்கியானாலும் ஒருவருடைய டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் 5 லட்சம் வரைதான் என்பதால், கணவன், மனைவி பெயர்களில் பல வங்கிகளில் பிரித்து வைக்கலாம். அதிக வட்டிக்காக ஊர்பேர் தெரியாத சொசைட்டிக்குப் போக வேண்டாம்.

குதிர்: அடுத்த பத்து வருடத்துக்கு, சுமார் 90 லட்சம். வேலை பார்த்தபோது சேர்ந்த பி.எஃப். பணம் இங்கே உதவும். வேலையை விட்ட பிறகும் 58 வயதுவரை அதற்கு வட்டி வரும். விட்ட நாளுக்குப் பின் வரும் வட்டிக்கு வரி உண்டு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மாத வருமானத் திட்டம், அரசுப் பத்திரங்கள், தரமான கடன் பத்திர ஃபண்டுகளும் இந்த வகைதான்.

வயல்: மிச்சமிருக்கும் ஒன்றே முக்கால் கோடிக்கு மேற்பட்ட தொகை. குறைந்த கட்டணமுள்ள இண்டெக்ஸ் ஃபண்டுகளில், சந்தை சரிந்த நேரத்தில் தொட மாட்டேன் என்ற உறுதியோடு. சந்தை நன்றாக விளைந்த வருடங்களில் கொஞ்சம் விற்றுப் பானையை நிரப்ப வேண்டும். விளையாத வருடங்களில் குதிரிலிருந்து எடுக்க வேண்டும். இப்படி நிரப்பும்போது செலவு எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவு கூட்டி எடுத்துக்கொள்வதுதான் நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் பஞ்சப்படி.

ஆஸ்பத்திரி அட்டையை வேலையில் இருக்கும்போதே வாங்குங்கள்

கம்பெனி கொடுத்த குரூப் இன்ஷூரன்ஸ் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு தனிக் காப்பீடு எடுக்கப் போகிற 45 வயதுக்காரருக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ ஏற்கெனவே வந்திருக்கும். முன்பே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருடம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் குறைத்திருக்கிறது. 5 வருடம் தொடர்ந்து பிரீமியம் கட்டிய பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் தவிர, 'இதை நீங்கள் சொல்லவில்லை' என்று காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது. எனவே 45-ல் வேலையை விடப்போகிறவர் தனிக் காப்பீட்டை 40, 42 வயதிலேயே எடுத்துவிட்டால், காத்திருப்புக் காலம் சம்பளம் வரும்போதே கழிந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது கொஞ்சம் ஆறுதல்.

திருச்சியில் மருத்துவ வசதிக்குக் குறைவில்லை. புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. தனியார் பன்னோக்கு மருத்துவமனைகளும் பல உள்ளன. நீங்கள் எடுக்கும் பாலிசியில் வீட்டுக்கு அருகிலுள்ள எந்த மருத்துவமனை பணமில்லாச் சிகிச்சைப் பட்டியலில் இருக்கிறது என்று பார்த்துத்தான் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரீமியம் வயதோடு ஏறும் என்பதால், 3 கோடிக்கு வெளியே 15 லட்சமாவது மருத்துவத்துக்கென்று தனியாக இருப்பது நல்லது.

வீடு: 'அப்பா வீடு இருக்கு' என்பது கணக்கில் வருமா?

சொந்த வீடு இருந்தால் மேலே சொன்ன 75,000-ல் 14,000 குறையும்; தேவைப்படும் சேமிப்பில் அரைக் கோடிக்கு மேல் குறையும். ஆனால், எது சொந்த வீடு? உறையூரிலோ திருவானைக்காவலிலோ அப்பா கட்டிய வீடு இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறவர்கள், அதற்கு அக்காவும் தம்பியும் சம பங்குதாரர்கள் என்பதைக் கணக்கில் எழுதுவதில்லை. பாகப்பிரிவினை பேசி, பத்திரம் பதிந்து, பட்டா உங்கள் பெயருக்கு மாறும்வரை அது அப்பா வீடுதான். அதற்கு வாடகை போட்டே கணக்கு எழுதுங்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்று, மனைப் பிரிவு அங்கீகாரம் பார்ப்பதோடு நிற்கக் கூடாது. ஸ்ரீரங்கத்தில் வாங்குவதாக இருந்தால் 'அடிமனைப் பிரச்சினை' என்றால் என்னவென்று உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீடு ஒருவருடையது, மனை கோயிலுடையதா என்ற தகராறு அங்கே நெடுங்காலமாக இருக்கிறது. காவிரி, கொள்ளிடம், குடமுருட்டி, கோரையாறு, உய்யக்கொண்டான் என்று நீரோட்டங்கள் சூழ்ந்த ஊர் இது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டதை ஊர் மறக்கவில்லை. தாழ்வான மனையா என்பதைப் புரோக்கரிடம் கேட்காமல், அந்தத் தெருவில் இருபது வருடமாக இருக்கும் பாட்டியிடம் கேளுங்கள். தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று கையால் தொட்டுக் காட்டுவார்.

வீட்டுக்குள் ஒரு பேச்சு

பணத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் வீட்டில் பேசியிருக்கிறார்களா? கணவர் ஓய்வுபெறுகிறார் என்றால் மனைவிக்கு வேலை கூடுகிறது என்று பல வீடுகளில் அர்த்தம். இதுவரை மதியச் சாப்பாட்டை ஆபீஸ் கேன்டீன் பார்த்துக்கொண்டது. ''மூணு வேளையும் சூடா டிபன், நடுவுல ரெண்டு காபி. உங்களுக்குத்தான் ரிட்டயர்மென்ட், எனக்கு எப்ப?'' என்ற கேள்வி நியாயமானது. மனைவியும் வேலைக்குப் போகிறவர் என்றால் அவர் எப்போது, எங்கே நிறுத்துவார் என்பதையும் அவரே முடிவு செய்ய வேண்டும். மகளின் பள்ளியை ஒன்பதாம் வகுப்புக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ ஊர் மாற்றுவது அவளுக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்தது உறவுகள். சென்னையில் உங்கள் சம்பளம் யாருக்கும் தெரியாது. ஊரில் நீங்கள் வேலைக்குப் போகாதது எல்லோருக்கும் தெரியும். முதல் மாதம் பெரியம்மா கேட்பார்: ''ஏம்ப்பா, கம்பெனில ஆள் குறைச்சுட்டாங்களா?'' மூன்றாவது மாதம் சித்தப்பா வருவார்: ''நீ சும்மாதானே இருக்க, இந்தப் பத்திரத்துல ஒரு ஜாமீன் கையெழுத்து மட்டும் போடு.'' மாமா பையன் மாதம் மூன்று வட்டி தரும் 'நம்ம ஆளு' ஒருவரைக் கூட்டி வருவார். கையில் மொத்தப் பணம் இருக்கிறவருக்கும், மாதச் சம்பளம் இல்லாதவருக்கும் வரும் சோதனைகள் இவை. 'பணமெல்லாம் பத்திரத்தில் பூட்டிக் கிடக்கிறது' என்ற ஒரே பதிலைப் பழகிக்கொள்வது நல்லது. பானையும் குதிரும் வயலும் அப்படித்தான் இருக்கின்றன, பொய் சொன்னதாகாது.

அரை ஓய்வுக்கு 80 லட்சம் மதிப்பு

3 கோடி என்றதும் பலருக்கு மனம் சோர்ந்திருக்கும். அவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. வேலையை முழுவதுமாக விடாமல், மாதம் 20,000 ரூபாய் மட்டும் சம்பாதித்தால் வருடம் 2 லட்சத்து 40 ஆயிரம். அதற்கு 33 மடங்கு கிட்டத்தட்ட 80 லட்சம். மாதம் 20,000 ரூபாய் வருமானம், அது வரும்வரையில், 80 லட்சம் சேமிப்பு செய்யும் வேலையைச் செய்கிறது. முதல் பத்து வருடத்துக்கு இந்த வருமானம் இருந்தால், சந்தை சரியும் ஆபத்தான காலத்தில் பானை காலியாகாது.

திருச்சி இதற்கு ஏற்ற ஊர். கல்லூரிகள் நிறைந்திருக்கின்றன, சிறு தொழிற்கூடங்கள் இருக்கின்றன, நவல்பட்டில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் பாடம் எடுப்பது, பழைய வாடிக்கையாளருக்கு வீட்டிலிருந்தே ஆலோசனை, சிறு கடைக்காரர்களுக்குக் கணக்கு என்று தொழில் தெரிந்தவர்களுக்கு வழி இருக்கிறது. 45 வயது ஓய்வுக்குச் சீக்கிரம். பிடிக்காத வேலையை விட்டுப் பிடித்த வேலைக்கு மாற, சரியான வயது. 'என்ன பண்றீங்க?' என்ற பெரியம்மாவின் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

எந்த வயதில் எந்தக் கதவு திறக்கும்?

* 50: இ.பி.எஸ். எனப்படும் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் பென்ஷனைக் குறைத்து வாங்க ஆரம்பிக்கலாம். குறைந்தது 10 வருடப் பணி இருக்க வேண்டும். 58-க்கு முன் எடுக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறையும்.
* 58: முழு இ.பி.எஸ். பென்ஷன். 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பில் 20 வருடம் வேலை பார்த்தவருக்கு மாதம் 5,000 ரூபாயை எட்டாது. இதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.
* 60: மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 30 லட்சம்வரை போடலாம். இப்போதைய வட்டி 8.2 சதவீதம். 45-ல் வேலையை விட்டவர் இதற்கு 15 வருடம் காத்திருக்க வேண்டும்.
* 70: வருமான வரம்பு பாராத ஆயுஷ்மான் பாரத் மூத்தோர் காப்பீடு, 5 லட்சம்வரை.
* ரயில் கட்டணத்தில் மூத்த குடிமக்களுக்கான சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அந்தக் கதவு இப்போதைக்கு மூடியே இருக்கிறது.

முதலில் பதினோரு மாதம்

இந்தக் கட்டுரையில் உள்ள செலவுத் தொகைகள் எல்லாம் உத்தேசம்தான். உங்கள் குடும்பத்தின் 75,000 எவ்வளவு என்று யாராலும் எழுதித் தர முடியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி வாழ்ந்து பார்ப்பது. வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கிடைத்தாலோ, குடும்பத்தை முன்னால் அனுப்பிவிட்டு வாரக் கடைசியில் வந்துபோக முடிந்தாலோ, வேலையில் இருந்தபடியே திருச்சியில் ஒரு வீடு பிடியுங்கள். நாற்பது டிகிரி வெயிலில் ஏ.சி. ஓடும் கத்திரி மாதக் கரண்ட் பில்லும், மார்கழிக் குளிரில் ஸ்ரீரங்கத்துக் கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் தேடுவதும், ஆடிப் பெருக்குக்குக் கரையோரம் போவதும், ஐப்பசி மழைக்குத் தெருவில் தேங்கும் தண்ணீரும் உங்கள் கணக்கு நோட்டில் ஒருமுறையாவது பதியட்டும். தினமும் எழுதுங்கள். வருடக் கடைசியில் கூட்டி, 33-ஆல் பெருக்குங்கள். அந்தத் தொகை கையில் இருந்தால் தாராளமாக வாருங்கள். பாதிதான் இருந்தால் அரை ஓய்வை யோசியுங்கள். மனைவிக்கோ மகளுக்கோ ஊர் பிடிக்கவில்லை என்றால், திரும்பிப் போக வேலை அப்படியே இருக்கும்.

வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்குத்தான் போடுவார்கள். முதலில் அதில் கையெழுத்துப் போடுங்கள். ராஜினாமா கடிதத்தில் அதற்கப்புறம் போட்டுக்கொள்ளலாம்.